மீட்டரில் 14,000 கிலோமீட்டர்தான்: சிங்கப்பூரில் பழைய சொகுசு எஸ்யூவி வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போர்ஷ கயென் டர்போ, லம்போர்கினி ஊருஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம், ஏஎம்ஜி ஜிஎல்இ 63 எஸ், ஆடி ஆர்எஸ் கியூ8, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் போன்ற வேகமும் எடையும் மிக்க வண்டிகளைப் பற்றிய பக்கம் இது. ‘மைலேஜ்’ என்று இங்கே எழுதுவதெல்லாம் மீட்டர் காட்டும் ஓடிய தூரம். தமிழ்நாட்டில் அதே சொல்லுக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பொருள். ஊரிலிருந்து வந்தவர்கள் குழம்ப வேண்டாம்.

ஆறு வயது வண்டி, மீட்டரில் 14,000 கிலோமீட்டர். நம்பலாமா?

காகிதம் இருந்தால் நம்பலாம். சிங்கப்பூரில் இது நடக்காத காரியமில்லை. இந்த வண்டிகள் பெரும்பாலும் வீட்டின் இரண்டாவது அல்லது மூன்றாவது கார். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம். ஜோகூர் எல்லை 2020 மார்ச்சில் மூடி 2022 ஏப்ரல் 1-ல்தான் தரைவழியாக முழுமையாகத் திறந்தது. அந்த இரண்டு ஆண்டும் நெடுந்தூரம் ஓட்ட இடமே இல்லை. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வண்டி கூட்டுரிமைக் குடியிருப்பின் அடித்தளத்தில் தூசி படிந்து நின்றிருக்கும்.

ஆனால் சாதாரண கார்களுக்கு ஆண்டுக்கு 12,000 முதல் 18,000 வரை என்று வியாபாரிகள் கணக்குப் போடும் ஊரில், ஆண்டுக்கு 2,300 என்பது விதிவிலக்கு. ‘ஏன் ஓடவில்லை’ என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் சர்வீஸ் ரசீதுகளின் தேதியோடு பொருந்த வேண்டும். “வெளிநாட்டில் இருந்தேன்” என்பவரின் ரசீதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டயர் ஒட்டு, பிரேக் பேட் என்று வந்தால் கதை ஒட்டவில்லை.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது எப்படி?

நான்கு வழிகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று மட்டும் போதாது.

முதலாவது, ரசீதுகள். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதிலும் தேதியும் மீட்டர் எண்ணும் இருக்கும். ஒரு தாளில் தேதிவாரியாக எழுதுங்கள். எண் ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் 20 மாத இடைவெளி இருந்து அந்தக் காலத்தில் 300 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தால், அது நின்ற காலம். அதற்கு முன் ஆண்டுக்கு 16,000 ஓடிவிட்டுத் திடீரென்று தேங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். கையெழுத்துப் புத்தகம் போதாது. அதிகாரபூர்வ முகவரிடம் சர்வீஸ் செய்த வண்டிக்குக் கணினிப் பதிவு இருக்கும். உரிமையாளரே கேட்டு அச்செடுத்துத் தரட்டும்.

இரண்டாவது, வண்டியின் கணினிகள். மீட்டர் எண் டாஷ்போர்டில் மட்டும் இருப்பதில்லை. மாடலுக்கேற்ப கியர்பாக்ஸ், பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகும். பிஎம்டபிள்யூவில் சாவிக்குள்ளும் பதிவாகும். ஏதாவது கோளாறு பதிவானால் அந்த நேரத்தின் கிலோமீட்டரும் கூடவே நிற்கும். மீட்டர் 14,000 காட்டும்போது பழைய கோளாறு ஒன்று 31,000-த்தில் பதிவாகியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். இதைப் படிக்க நூறு வெள்ளிக் (சிங்கப்பூர் டாலர்) கருவி போதாது. அந்தத் தயாரிப்புக்கு உரிய கருவி வைத்திருக்கும் வொர்க்‌ஷாப் வேண்டும்.

மூன்றாவதை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம்: எஞ்சின் ஓடிய மணிநேரம். கிலோமீட்டரை எண்ணவிடாமல் தடுக்கும் சின்னப் பெட்டிகள் உலகச் சந்தையில் விற்கின்றன. அதைப் பொருத்தினால் எல்லாக் கணினியிலும் ஒரே பொய் எண்ணே பதிவாகும். முந்தைய சோதனை அதைப் பிடிக்காது. எஞ்சின் மணிநேரமோ ஏறிக்கொண்டேதான் இருக்கும். போர்ஷ உட்படப் பல தயாரிப்புகளில் இந்த எண்ணைப் படிக்கலாம். கிலோமீட்டரை மணிநேரத்தால் வகுங்கள். 14,000 கிலோமீட்டர், 480 மணிநேரம் என்றால் சராசரி மணிக்கு 29. நம் ஊர் ஓட்டத்துக்குச் சரியான எண். அதே 14,000-க்கு 1,900 மணிநேரம் என்றால் சராசரி மணிக்கு 7. ஒன்று மீட்டர் பொய், அல்லது ஏர்கானுக்காக எஞ்சினை மணிக்கணக்கில் நின்ற இடத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். இரண்டாவது நிலையிலும் அந்த எஞ்சின் 14,000 எஞ்சின் அல்ல.

நான்காவது, கையால் தொட்டுப் பார்ப்பது. ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க விளிம்பு, ஸ்டியரிங் தோலில் கை பிடிக்கும் இரு பக்கங்கள், பிரேக் மிதியின் ரப்பர், சீட்பெல்ட் ஓரத்து நூல், ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சுவிட்ச். காலைச் சூரியனை நோக்கி நிறுத்தி முன்கண்ணாடியை உள்ளிருந்து பாருங்கள். நெடுந்தூரம் ஓடிய கண்ணாடியில் மணல் தூவியதுபோல் பொடிப்புள்ளிகள் மின்னும். தோலைப் புதுப்பித்து, மிதி ரப்பரை மாற்றி விற்பவர்கள் முன்கண்ணாடியை அபூர்வமாகத்தான் மாற்றுகிறார்கள்.

குறைவாக ஓடினால் எஞ்சின் புதுசு மாதிரிதானே இருக்கும்?

இந்த நம்பிக்கைக்குத்தான் மக்கள் அதிகம் பணம் கட்டுகிறார்கள். தேய்மானம் குறைவு என்பது உண்மை. ஆனால் நின்றதாலும் குட்டி ஓட்டத்தாலும் வரும் கேடு தனி வகை.

வீட்டிலிருந்து கடைத்தொகுதிக்கு 4 கிலோமீட்டர், திரும்ப 4 கிலோமீட்டர் என்றே ஓடிய வண்டியை எண்ணிப் பாருங்கள். 8 முதல் 10 லிட்டர் எண்ணெய் கொள்ளும் வி8 எஞ்சினில் அந்த எண்ணெய் 90 டிகிரியைத் தொடுவதற்குள் பயணம் முடிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் சிந்தும் பெட்ரோல் எண்ணெயில் கலக்கும். எரிந்த வாயுவின் நீராவி உள்ளேயே தங்கும். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால்காப்பி நிறத்தில் வெண்ணெய் போல ஒட்டியிருப்பது அதுதான். லேசாக இருந்தால் குட்டி ஓட்டத்தின் அடையாளம். அப்பிக் கிடந்தால் குளிர்நீர் கலக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். எண்ணெயில் பெட்ரோல் வாசம் தூக்கலாக வந்தால் அந்த எண்ணெயின் காப்புத் திறன் குறைந்துவிட்டது.

இந்த எஞ்சின்களில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. உள்ளிழுக்கும் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை என்பதால் கரி படியும். சூடேறாத ஓட்டம் அதை விரைவாக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நடுக்கம், ஒரு சிலிண்டர் தவறுவதாகக் கோளாறுப் பதிவு என்று இது தெரியும். உள்வழிக் குழாயைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வார்கள்.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் எண்ணெய் மாற்றத்துக்குக் கிலோமீட்டரும் மாதமும் இரண்டையும் தந்து, எது முந்துகிறதோ அதைக் கொள்ளச் சொல்கிறார்கள். நம் ஊர் ஓட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். ஆறு வயது வண்டியில் ஆறு எண்ணெய் ரசீது இருக்கட்டும். ‘ஓடவேயில்லையே, எதற்கு மாற்றுவது’ என்று இரண்டே ரசீது காட்டினால், 14,000 ஓடிய அந்த வண்டியைவிட ஒழுங்காகப் பார்க்கப்பட்ட 55,000 வண்டியை எடுப்பது நல்லது.

பேட்டரி சின்ன விஷயம்தானே? மாற்றிக்கொள்ளலாமே?

பேட்டரி சின்னதுதான், அது கிளறிவிடுவது பெரிது. மின்னழுத்தம் விழும்போது ஏர் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், கியர் என்று சம்பந்தமில்லாத பல பெட்டிகள் கோளாறு பதியும். வண்டியைக் காட்டுமுன் விற்பவர் அவற்றை அழித்திருந்தால் உண்மையான கோளாறும் சேர்ந்து மறைந்திருக்கும். ஆகவே கணினிச் சோதனையை, வண்டி குறைந்தது 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள்.

வண்டி இரவெல்லாம் நின்றபின் மல்ட்டிமீட்டரில் 12.6 முதல் 12.8 வோல்ட் வர வேண்டும். 12.4-க்குக் கீழே என்றால் பேட்டரி நலிந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று உறிஞ்சுகிறது. வண்டி உறங்கிய பிறகு ஓடும் மின்சாரம் 50 மில்லியாம்பியருக்குள் இருப்பது நல்லது. சிங்கப்பூரில் வழக்கமான குற்றவாளி, நிறுத்தியபோதும் பதிவு செய்யும் காரின் கேமரா. மின்னியல் சாலைக் கட்டண முறையான இஆர்பி-யின் புதிய பெட்டி பொருத்தியபோது வயர் எங்கே இழுத்தார்கள் என்றும் பாருங்கள். ஜிஎல்இ 53, 63 போன்றவற்றில் 48 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. நெடுநாள் நின்றால் அதுவும் இறங்கும், விலையும் கூடுதல்.

டயரில் நிறையப் பள்ளம் இருக்கிறது. மாற்ற வேண்டியதில்லைதானே?

பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். இந்த எடைக்கும் வேகத்துக்கும் ஐந்தாறு ஆண்டு தாண்டிய ரப்பரை நாங்கள் நம்பமாட்டோம். நம் வெப்பத்தில் அது இறுகிவிடும்; நவம்பர், டிசம்பர் மழையில் நனைந்த விரைவுச்சாலையில் 2.2 டன் வண்டியைப் பிடிக்காது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் மட்டும். பள்ளம் வயதைச் சொல்லாது.

இதே எண் மைலேஜையும் காட்டிக்கொடுக்கும். 2020-ல் பதிவான வண்டி, மீட்டரில் 14,000, டயரிலோ 4122. இரண்டே ஆண்டில், சில ஆயிரம் கிலோமீட்டரில் நான்கு டயரும் ஏன் மாறின? ஆணி குத்தியது என்றால் ஒன்று மாறும், இரண்டு மாறும். நான்குக்கும் ரசீது கேளுங்கள். அதில் மீட்டர் எண் இருக்கும்.

நான்கும் ஒரே தயாரிப்பாகவும் தேய்வில் நெருக்கமாகவும் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால் நான்கு சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் சறுக்கித் தேயும். கயென் டர்போவின் 21 அங்குலச் சக்கரத்துக்கு முன்னால் 285/40, பின்னால் 315/35. போர்ஷ அங்கீகரித்த டயரில் ‘என்’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். மலிவு டயர் போட்டிருந்தால், பார்வைக்குத் தெரியாத மற்ற இடங்களிலும் காசை மிச்சம் பிடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிரேக்கில் என்ன பார்ப்பது?

சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே கைவிட்டு, டிஸ்க்கின் வெளி விளிம்பை நகத்தால் வருடுங்கள். பேட் தொடாத விளிம்பும் தேய்ந்த பரப்பும் சேருமிடத்தில் ஒரு படி தட்டுப்படும். வண்டி சூடாக இருந்தால் தொடாதீர்கள். 14,000 கிலோமீட்டரில் அந்தப் படி மிக மெல்லியதாக இருக்க வேண்டும். நகம் நன்றாகத் தடுக்கினால் ஒன்று மீட்டர் பொய், அல்லது வண்டி செப்பாங் பந்தயத் தடத்தைப் பார்த்திருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ பொறித்திருக்கும். வொர்க்‌ஷாப்பில் அளக்கச் சொல்லுங்கள்.

நெடுநாள் நின்ற இரும்பு டிஸ்க்கில் பேட்டின் வடிவிலேயே துருத்தடம் விழும். பத்து முறை பிரேக் பிடித்தும் மறையாவிட்டால் மிதியில் துடிப்பு வரும், டிஸ்க் மாற்ற வேண்டும். மூன்றாம் தலைமுறை கயென் டர்போவில் வெள்ளை காலிப்பர் (பேட்டை அழுத்தும் பிடி) இருந்தால் அது டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க். துருப் பிடிக்காது, மாற்றும் செலவு அதிகம். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். மீட்டர் ஏறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறியிருக்க வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷன் கசிவதை நாமே பார்க்க முடியுமா?

முடியும். ஒரு தையல் டேப் போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். வண்டியைத் தொடாமல் இரவு விடுங்கள். காலையில் கதவைத் திறக்குமுன் மீண்டும் அளங்கள். கதவு திறந்தாலே சில வண்டிகள் தம்மைச் சமன்செய்துகொள்ளும். ஒரு மூலை மட்டும் 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அங்கே காற்றுப்பை அல்லது இணைப்புக் கசிகிறது. கசியும் பையை நிரப்பிக்கொண்டே இருந்து கம்ப்ரஸர் தீய்ந்துபோகும். ஆகவே பையோடு கம்ப்ரஸரையும் கணக்கில் வையுங்கள். விற்பவர் இரவு விட மறுத்தால், மாலை ஒருமுறையும் மறுநாள் காலை ஒருமுறையும் போய்ப் பாருங்கள்.

ஒவ்வொரு மாடலிலும் குறிப்பாக எதைப் பார்ப்பது?

இந்தக் காலத்து ஜெர்மானிய வி8-களில் டர்போக்கள் எஞ்சினின் வி வடிவப் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்த வெப்பம் பக்கத்திலுள்ள ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வேகவைக்கும். நம் நெரிசலில் காற்றும் போதாது. பிஎம்டபிள்யூ வி8-ல் வால்வுத் தண்டின் எண்ணெய்த் தடுப்பு இறுகினால், எஞ்சின் சூடாகிச் சிறிது நேரம் நின்றபின் மிதிக்கும்போது நீலப்புகை வரும். மக்கானிலும் 2018-க்கு முந்தைய தலைமுறைக் கயென்னிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பெயர்போன பலவீனம்: மெதுவாக வேகம் கூட்டும்போது யாரோ பின்னாலிருந்து சின்னச்சின்னதாகத் தள்ளுவதுபோல் இருக்கும். ரேஞ்ச் ரோவர் 5.0 சூப்பர்சார்ஜரில் பிளாஸ்டிக் குளிர்நீர்க் குழாய்கள் வயதால் வெடிக்கும், கிலோமீட்டர் அதற்குக் காப்பு இல்லை. முந்தைய ஆண்டுகளின் வண்டியில் டைமிங் செயின் ஒலியையும் காலை முதல் ஸ்டார்ட்டில் கேளுங்கள்.

வாகனச் சோதனை நிலையமான விக்காமில் பாஸ் ஆகியிருக்கிறது என்கிறார். அது போதாதா?

போதாது. அந்தக் கட்டாயச் சோதனை, சாலையில் ஓடத் தகுதி உண்டா என்று பார்ப்பது: விளக்கு, பிரேக், புகை, அடிப்பாகம். மூன்று வயது முதல் பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்துக்கு மேல் ஆண்டுதோறும். டர்போவின் உடல்நிலையோ மீட்டரின் உண்மையோ அதன் வேலையல்ல. விக்காம், எஸ்டிஏ போன்ற நிலையங்களில் பழைய கார் மதிப்பீடு என்று தனிச் சேவை உண்டு. சட்டகம், மோதல் பழுது, மறுபெயின்ட் பார்க்க அது உதவும். அதற்கு மேல் அந்தத் தயாரிப்பையே பார்க்கும் வொர்க்‌ஷாப்பின் சோதனையும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் சில நூறு வெள்ளி. இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல் போகும் இடத்தில் இதை மிச்சம் பிடிக்க வேண்டாம். வொர்க்‌ஷாப்பை நீங்கள் தேர்ந்தெடுங்கள். விற்பவர் காட்டும் இடம் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது எப்படி ஓட்டுவது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். முதல் பத்து விநாடிச் சத்தத்தில் நிறையத் தகவல் உண்டு, வானொலியை அணையுங்கள். திறந்தவெளி கார் பார்க்கில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக எட்டு வடிவம் போடுங்கள். முரண்டு பிடித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகியுங்கள். பிறகு விரைவுச்சாலையில் 25 நிமிடமாவது ஓட்டுங்கள். நம் உச்ச வரம்பு 90-தான். அந்த வேகத்திலேயே 60-லிருந்து 90-க்குத் திடமாக மிதித்தால் டர்போ இழுப்பும் கியர் மாற்றமும் தெரிந்துவிடும். முதல் 5 கிலோமீட்டரில் வரும் சக்கரத் துடிப்பு சூடானபின் மறைந்தால் நின்று தட்டையான டயர். மறையாவிட்டால் டயரோ ரிம்மோ கெட்டது. காப்புறுதி உங்களுக்கும் பொருந்துமா என்று சாவி வாங்குமுன் கேளுங்கள்.

குறைந்த மைலேஜுக்கு எவ்வளவு கூடுதல் கொடுக்கலாம்?

இங்கே வண்டியின் விலையில் பெரும்பகுதி நாட்காட்டியோடு கட்டப்பட்டது. வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇ, வண்டி நின்றாலும் ஓடினாலும் பத்தாண்டில் தீரும். ஆகவே முதலில் ஆண்டுத் தேய்மானத்தைக் கணக்கிடுங்கள்: விலையிலிருந்து, பத்தாம் ஆண்டில் பதிவை நீக்கினால் திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தொகையைக் கழித்து, மீதமுள்ள ஆண்டுகளால் வகுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஓஎம்வி (இறக்குமதியின்போது சுங்கத்துறை மதிப்பிட்ட விலை) 100,000 வெள்ளி, 2020-ல் பதிவு என்று வைப்போம். ஏஆர்எஃப் என்னும் கூடுதல் பதிவுக் கட்டணம் அன்றைய விகிதத்தில் முதல் 20,000-க்கு 100 விழுக்காடு, அடுத்த 30,000-க்கு 140, மீதிக்கு 180. ஏஆர்எஃப் 20,000 + 42,000 + 90,000 = 152,000 வெள்ளி. பத்தாம் ஆண்டில் அதில் பாதி, 76,000 திரும்பும். வண்டியின் விலை 236,000, சிஓஇ இன்னும் 4 ஆண்டு என்றால் 160,000-ஐ 4-ஆல் வகுத்து ஆண்டுக்கு 40,000 வெள்ளி. 2023 பிப்ரவரியின் இரண்டாவது ஏலத்திலிருந்து சிஓஇ பெற்ற வண்டிகளுக்கு பார்ஃப் தொகை 60,000 வெள்ளிக்கு மேல் போகாது. அந்த ஏலத்துக்குப் பின் 2023-ல் பதிவான வண்டிக்கு, அதே ஓஎம்வி-க்கு ஏஆர்எஃப் 200,000 ஆனாலும் அதுதான் உச்சம். ஆக 2022 வண்டியையும் 2023 வண்டியையும் வெறும் விலையில் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். வண்டியின் பார்ஃப் தொகையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலேயே பார்க்கலாம்.

இப்போது மைலேஜுக்கு வருவோம். அதே ஆண்டு, அதே மாடல், 60,000 ஓடியது ஒன்றும் 14,000 ஓடியது ஒன்றும் இருந்தால், குறைந்ததற்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதிலிருந்து டயர் ஒரு செட், பேட்டரி, எல்லா எண்ணெய்களும், வால்வுச் சுத்தம் ஆகியவற்றைக் கழியுங்கள். பெரும்பாலும் மிஞ்சுவது சொற்பம். மீதி 4 ஆண்டில் நீங்களே ஆண்டுக்கு 12,000 ஓட்டினால் முடிவில் அது 62,000 வண்டி. பார்ஃப் தொகை மைலேஜைப் பார்த்து அதிகரிக்காது. சிஓஇ-யைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால்தான் குறைந்த தேய்மானத்துக்குப் பொருள் உண்டு. அப்போதும் பார்ஃப் தொகையை இழப்பீர்கள், அதைக் கணக்கில் எழுதுங்கள்.

கடன் எவ்வளவு கிடைக்கும்?

ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேல் என்றால் விலையில் 60 விழுக்காடு வரை, அதிகபட்சம் 7 ஆண்டு. சிஓஇ 4 ஆண்டுதான் இருந்தால் கடனும் அதற்குள் அடங்கும். மேலே சொன்ன 236,000 வண்டிக்குக் கையிலிருந்து குறைந்தது 94,400. விளம்பரத்தில் வரும் வட்டி சமவட்டி, அதாவது கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் போடும் வட்டி. உண்மை வட்டி கிட்டத்தட்ட இரட்டிப்பு.

சாலை வரி?

கொள்ளளவைப் பொறுத்தது. 2,995 சிசி என்றால் ஆண்டுக்குச் சுமார் 2,380 வெள்ளி, 3,996 சிசி என்றால் சுமார் 3,943, பிஎம்டபிள்யூவின் 4,395 சிசி என்றால் சுமார் 4,567. பத்து வயது தாண்டினால் ஆண்டுதோறும் 10 விழுக்காடு கூடி 50 வரை போகும்.

வண்டியின் பதிவு விவரத் தாளான லாக் கார்டில் எதைப் பார்ப்பது? முகவர் வண்டியா, தனி இறக்குமதியா என்பது முக்கியமா?

முக்கியம். லாக் கார்டில் தயாரித்த ஆண்டு, மூலப் பதிவுத் தேதி, இங்கே முதலில் பதிவான தேதி, எத்தனை கை மாறியது, ஓஎம்வி, ஏஆர்எஃப், சிஓஇ முடியும் நாள் எல்லாம் இருக்கும். மூலப் பதிவுத் தேதியும் இங்குள்ள பதிவுத் தேதியும் வேறு என்றால் வண்டி வெளிநாட்டில் ஓடிவிட்டு வந்தது. அங்கே ஓடிய தூரத்துக்கும் காகிதம் கேளுங்கள். ‘சிங்கப்பூரில் ஓடியது 14,000’ என்று கெட்டிக்காரத்தனமாக எழுதும் விளம்பரங்களைக் கவனமாகப் படியுங்கள். தனி இறக்குமதி வண்டிக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் இங்குள்ள முகவரின் சலுகைகளும் கிடைக்குமா என்பதை, சட்டக எண்ணைக் கொடுத்து எழுத்தில் பெறுங்கள். மூன்று ஆண்டில் மூன்று கை மாறிய வண்டி என்றால் ஏதோ ஒரு கோளாறு கைமாறிக்கொண்டே வருகிறது என்று நினைத்துச் சோதியுங்கள்.

வாங்கிய பின் கோளாறு வந்தால் சட்டம் உதவுமா?

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று நிறுவும் பொறுப்பு வியாபாரியுடையது. முதலில் பழுதுபார்ப்பு, முடியாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திருப்பித் தருதல். வழக்கமான தேய்மானமும், வாங்கும்போதே உங்களிடம் சொல்லப்பட்ட குறையும் இதில் வராது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தனிமனிதர் தனிமனிதருக்கு விற்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. வியாபாரியின் காட்சிக்கூடத்தில் நிற்கும் வண்டி உரிமையாளர் சார்பில் விற்கப்படுவதாகவும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் விற்பவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸை நாடலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரையிலும் விசாரிக்கும்.

முன்பணம் கொடுக்கும்போது என்ன எழுதி வாங்குவது?

மூன்று வரி. ‘மீட்டரில் காட்டும் கிலோமீட்டர் உண்மையான மொத்த ஓட்டம்’. ‘வாங்குபவர் தேர்ந்தெடுத்த வொர்க்‌ஷாப் சோதனை திருப்தி தராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பும்’. ‘கடன் கிடைக்காவிட்டாலும் அப்படியே’. முதல் வரியை எழுதத் தயங்கும் வியாபாரியிடம் அந்த மைலேஜுக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகத் தராதீர்கள். பழைய கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதம் கேளுங்கள். பெயர் மாற்றம் ஒன்மோட்டரிங்கில் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் நடக்கும், அதற்குமுன் உங்கள் பெயரில் காப்புறுதி தயாராக இருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடித்தாள், மாற்றிய புகைக்குழாய் இருந்தால் அனுமதிக் காகிதம் கேளுங்கள். முன் கண்ணாடியிலும் முன் பக்கக் கண்ணாடிகளிலும் குறைந்தது 70 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும்.

வாங்கியாயிற்று. முதல் மாதத்தில் என்ன செய்வது?

ரசீது இல்லாத எதையும் செய்யப்படாததாகக் கொள்ளுங்கள். எஞ்சின் எண்ணெயும் ஃபில்ட்டரும், பிரேக் எண்ணெய், ஏர்கான் ஃபில்ட்டர், ஸ்பார்க் பிளக், வயதான டயர். எஞ்சின் எண்ணெயை முதல் 1,000 கிலோமீட்டரிலேயே இன்னொரு முறை மாற்றினால் உள்ளே தங்கிய கசடு வெளியேறும். 8 கியர் இசட்எஃப் கியர்பாக்ஸின் எண்ணெயை மாற்ற அதன் தயாரிப்பாளர் சொல்வது 80,000 முதல் 120,000 கிலோமீட்டர் அல்லது 8 ஆண்டு. ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் அந்த 8 ஆண்டைச் சுட்டிக்காட்டுங்கள். பாதித் தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்த பழைய பெட்ரோலை ஓட்டித் தீர்த்துவிட்டு 98 ரகத்தை நிரப்புங்கள்.

நானும் வாரம் ஒருமுறைதான் எடுப்பேன். எப்படி வைத்துக்கொள்வது?

எடுக்கும்போது நீளமாக எடுங்கள். துவாஸிலிருந்து சாங்கி வரை 40 கிலோமீட்டர் சொச்சம்; போய்த் திரும்பினால் எண்ணெய் நன்றாகச் சூடாகி ஈரம் வெளியேறும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிடுவது நன்மையைவிடக் கேட்டைத்தான் தரும், இங்கே அது சட்டப்படி குற்றமும்கூட. ஏர்கானை ஒவ்வொரு முறையும் போடுங்கள், கம்ப்ரஸரின் அடைப்பு காயாமலிருக்கும். மின்வசதி உள்ள இடமாக இருந்தால், உங்கள் பேட்டரி வகைக்கு ஏற்ற பராமரிப்பு சார்ஜரைக் கட்டடப் பொறுப்பாளரின் அனுமதியோடு மாட்டிவையுங்கள். அடுக்குமாடி கார் பார்க்கில் இடம் கிடைத்தால் மேல்தளத்து வெயிலைத் தவிருங்கள். டயர் காற்றை மாதம் இருமுறை, குளிர்ந்திருக்கும்போது அளங்கள். ஒவ்வொரு ரசீதையும், அது வைப்பர் ரப்பராக இருந்தாலும், மீட்டர் எண்ணோடு கோப்பில் போடுங்கள். நாளை இந்த வண்டியை வாங்க வருபவர் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.